வாயில்லாச் சீவனின் வாய்

விலங்குகளை ‘வாயில்லாச் சீவன்’ என வழங்குதல் நம்மவர் மரபு. இத்தொடரில் இரக்கம் உண்டு. ஒரு வசதியும் உண்டு. வாய் என்னும் சொல் தமிழில் உண்ணும் உறுப்பையும் குறிக்கும். பேசும் ஆற்றலையும் குறிக்கும். பேச்சில்லாமையைக் கருதியே நாயையும் பூனையையும் வாயில்லாதவை என்றோம். நாளடைவில் அவற்றுக்கு வாய் என்றோர் உறுப்பு உண்டென்பதையும், அவ்வாயினுள் நாய்க்கு 42, பூனைக்கு 30 என நிலையான பற்கள் உள என்பதையும், அப்பற்கள் நோகும் என்பதையும் மறந்து போனோம். தன் நோவைச் சொல்ல மாட்டாத ஓர் உயிரின் வாயைத் திறந்து பார்ப்பது நமக்குக் கடமையா, அன்றி வசதி உள்ளவர் விரும்பினாற் செய்யும் கருணையா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. இவ்வினாவைச் சப்பிரகமுவத் தோட்டப்புறங்களில் வைத்து நோக்க விழைகிறேன். எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கத்து இறப்பர்த் தோட்டங்களிலும், இறக்குவானை, பலாங்கொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலும் லயத்துக்கு லயம் நாயும் பூனையும் உள. அவற்றின் பல்லைப் பற்றிப் பேசுவது அங்குள்ளோர்க்கு நகைப்பைத் தரும். அந்நகைப்பிலும் ஒரு நியாயம் உண்டு. அதைப் பின்னர் எடுத்துக்கொள்வோம்.

முதலில் நாயின் வாயில் நிகழ்வது யாது என அறிதல் வேண்டும். பல்லின்மீது நுண்ணுயிர்களாலான மெல்லிய படலம் ஒன்று சில மணி நேரத்திலேயே படியத் தொடங்குகிறது. துடைக்கப்படாதவிடத்து, உமிழ்நீரிலுள்ள கனிப்பொருள்கள் அதனோடு சேரச் சில நாள்களில் அது கல்லாக இறுகுகிறது. இதனையே காறை என்கிறோம். நாயின் உமிழ்நீர் மனிதருடையதினும் காரத்தன்மை மிக்கது. ஆகையால் நாய்க்குச் சூத்தைப்பல் அரிது, காறை எளிது. படலத்திலுள்ள நுண்ணுயிர்கள் பல்லுக்கும் சதைக்கும் இடைப்பட்ட இடுக்கினுள் இறங்கும்போது முரசு சிவந்து வீங்குகிறது. (வடபகுதியார் முரசு என்பதைத் தோட்டத்து மக்கள் ஈறு என்பர்; சொல் வேறாயினும் நோவு ஒன்றே.) இந்நிலையில் துடைத்துத் தூய்மை செய்தால் முரசு பழைய நிலைக்கு மீளும். அதனைக் கடந்தால் பல்லைத் தாங்கும் எலும்பு கரையத் தொடங்கும். கரைந்த எலும்பு தானாக மீள்வதில்லை. மூன்று வயதைக் கடந்த நாய்களிற் பெரும்பாலானவற்றுக்கு ஏதோ ஓர் அளவில் இந்நோய் உண்டென்பது விலங்கு மருத்துவர் பொதுவாக ஒப்புக்கொண்ட செய்தி.

லயத்து நாய் உண்பது வீட்டார் உண்டு எஞ்சியதை: சோறு, ரொட்டித் துண்டு, குழம்பு ஒட்டிய சட்டி கழுவிய நீர், கருவாட்டுத் தலை. இவை பெரும்பாலும் மென்மையானவை, பல்லை உரசமாட்டா. எலும்பு கிடைக்கும் நாளில் நாய் அதனைக் கடித்து நொறுக்குகிறது. எலும்பு பல்லைத் தீட்டும் என்று நம்மவர் நினைப்பதில் ஓரளவு உண்மை உண்டு. ஆயின் அதே எலும்பும், எலும்பில்லாத நாளில் அது கடிக்கும் சிரட்டையும் கல்லும் பல்லைப் பிளப்பதும் உண்டு. அவ்வாறு பெரிதும் பிளவுபடுவது மேற்றாடையின் நான்காம் முன்கடைவாய்ப்பல். இறைச்சியை வெட்டும் பெரும்பல் அது. அதற்கு வேர் மூன்று. அது பிளந்து உட்சதை வெளிப்பட்டால் வேர்நுனியிற் சீழ் கட்டும்; அச்சீழ் கண்ணுக்குக் கீழே வீங்கி உடைந்து வழியும். காண்போர் அதனைக் கண்ணோரப் புண் என்று கருதி மஞ்சள் பூசுவர். புண் ஆறும், சில வாரங்களில் மீண்டும் உடையும். பல்லிலே பிறந்த நோய்க்குக் கன்னத்திலே மருந்திட்டுக் கொண்டிருப்பதை எவரும் உணர்வதில்லை, வாய் மூடியிருக்கிறது.

பூனையின் நிலை இன்னும் மறைவானது. அதற்கும் முரசுநோய் வரும். சூத்தை ஏறக்குறைய இல்லை. ஆனால் பல்லின் கழுத்தையும் வேரையும் உடலே அரித்துக் கரைக்கும் ஒரு நோய் பூனைகளிடையே பரவலாகக் காணப்படுகிறது. முரசின் ஓரத்திற் சிறிய செம்புள்ளியாகவே அது புறத்தே தெரியும். அவ்விடத்தைத் தொட்டால், மயக்கத்தில் இருக்கும் பூனையின் தாடையும் நடுங்குவதுண்டு. நோவு மிகுந்த பூனை பசியோடு தட்டருகே வரும், முகர்ந்து பார்க்கும், திரும்பிச் செல்லும். தன் உடலை நக்கித் தூய்மை செய்வதை நிறுத்திவிடும், மயிர் சடைகட்டும். லயத்தில் அதனை ‘கிழடு தட்டிவிட்டது’ என்பர். முதுமையின் கணக்கில் எழுதப்படும் எத்தனை நோய்கள் உண்மையிற் பல்லின் கணக்கிற்கு உரியவை என்பதை எண்ணுந்தோறும் வியப்பு மேலிடுகிறது.

நோவுடைய நாய் ஏன் அழுவதில்லை? உண்மையில் அது தன் நோவைக் காட்டவே செய்கிறது. காட்டும் முறை நமது முறையன்று. ஒரு பக்கத்தால் மட்டும் மெல்லும், வாயில் எடுத்ததைக் கீழே போட்டு மீண்டும் எடுக்கும், முகத்தைத் தரையில் தேய்க்கும், தலையைத் தடவ வந்த பிள்ளையின் கையை விலக்கும், எச்சில் நாறும். ஆனால் உண்பதை மட்டும் நிறுத்துவதில்லை. பசி நோவினும் பழையது. விலங்கு மருத்துவரிடம் நாயைக் கொணர்வோர் சொல்லும் முதல் வாக்கியம், ‘அது நல்லாத்தான் திங்குதுங்க ஐயா’ என்பது. அவர் பொய் சொல்லவில்லை. உண்ணுதலை நலத்தின் சான்றாகக் கொள்ளும் பிழை அவருக்கு மட்டும் உரியதுமன்று. நிருவாகம் செய்வோர் அனைவரும் காலந்தோறும் இழைத்து வரும் பிழை அது. வேலைக்கு வருகிறான், ஆகவே நலமாக இருக்கிறான் என்னும் தீர்ப்பு பிரட்டுக்களத்தில் எத்தனை ஆயிரம் முறை கூறப்பட்டிருக்கும்!

இங்கே தத்துவ வினா ஒன்று எழுகிறது. முறைப்பாடு இல்லாமை நோவு இல்லாமைக்குச் சான்றாகுமா? ஆகாது என்பதை எவரும் உடனே ஒப்புவர். ஆயினும் நம் ஒழுகலாறு முழுவதும் அது சான்றாகும் என்ற எடுகோளின் மேலேயே இயங்குகிறது. நமது அறவுணர்வு பெரும்பாலும் காத்திருக்கும் இயல்பினது. கதவு தட்டப்பட்டாற் திறக்கும். பெந்தாம் 1789இல் வெளியிட்ட நூலில், விலங்குகளைப் பற்றிக் கேட்க வேண்டியது அவை சிந்திக்குமா, பேசுமா என்பதன்று, அவை துன்புறுமா என்பதே என வாதிட்டார். அவ்வாதம் மேலை நாட்டு விலங்குநலச் சிந்தனைக்குப் பெரியதொரு திருப்பம். எனினும் அதில் ஒரு படி விடுபட்டுள்ளது. துன்புறுமா என்பது பொது வினா. அதற்கு ஆம் என்று விடை கூறிவிட்டு அமைதியாக அமர்ந்திருக்கலாம். இந்த நாய், இன்று, எந்தப் பல்லில் துன்புறுகிறது என்பதே செயலைக் கோரும் வினா. வள்ளுவர் இன்னா செய்யாமை அதிகாரத்தில் அறிவின் பயனைப் பிறவுயிரின் நோயோடு பிணைத்துப் பேசுமிடத்தில் ‘பிறர்’ என்னாது ‘பிறிது’ என அஃறிணைச் சொல்லை ஆண்டமை இவ்விடத்து நோக்கற்பாலது. அங்கே அருளை மட்டும் அவர் பேசவில்லை, அறிவைப் பேசுகிறார். பிறிதொன்றின் நோயை அறிதல் அறிவுத்தொழில்; தேடுதலும் சோதித்தலும் அதில் அடங்கும்.

விலங்கின் பல்லை நாம் பார்த்ததே இல்லை என்று கூறுவதும் பொருந்தாது. தானம் கொடுத்த மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்பது நம் பழமொழி. விலை கொடுத்து வாங்கும் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பது வழக்கம் என்பதே அதன் உட்கிடை. வயதையும் விலையையும் அறியப் பல்லைப் பார்த்தோம். இரத்தினபுரியில் ஒரு சிறு கல்லைக் கண்ணாடி வைத்து வெளிச்சத்திற் திருப்பித் திருப்பி நோக்குவோரைக் காணலாம்; மனிதர்க்குக் கூர்ந்து நோக்கும் பொறுமை இல்லை என்று அங்கு எவரும் சொல்லத் துணியார்.

நோவைப் பார்க்கும் பார்வையும் பல வகைப்படும் என்பதைக் காட்டும் வரலாறு ஒன்று நம் நாட்டிலேயே உண்டு. அது சப்பிரகமுவத்திலன்று, அதற்கு மேலேயுள்ள மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் நிகழ்ந்தது. நோர்வே நாட்டவரான ஹரால்ட் லோ என்பார் முரசுநோய் ஆய்வில் உலகப் புகழ் பெற்றவர். அவரும் சகாக்களும் டென்மார்க்கின் ஓர்ஹுஸ் நகரில் நடத்தி 1965இல் வெளியிட்ட ஆய்வில், 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினர். அவர்களுட் பெரும்பாலோர் பல் மருத்துவ மாணவர். 10 முதல் 21 நாள்களுள் அனைவர்க்கும் முரசழற்சி தோன்றியது. உடனே பல்துலக்கி அவர்கள் கையில் மீண்டும் தரப்பட்டது. சில நாள்களில் நோய் நீங்கியது. பற்படலமே முரசழற்சிக்குக் காரணம் என்பது அதனால் ஐயந்திரிபற நிறுவப்பட்டது.

அடுத்து நாய்கள். லிண்டே, ஹாம்ப் ஆகியோருடன் லோ சேர்ந்து 1975இல் வெளியிட்ட ஆய்வு பீகிள் இன நாய்களில் நான்கு ஆண்டுகள் நடத்தப்பட்டது. ஒரு கூட்டத்து நாய்களுக்கு நாள்தோறும் பல் துலக்கப்பட்டது; மறு கூட்டத்துக்குத் துலக்கப்படவில்லை. துலக்கப்பட்டவற்றின் முரசு நலமாயிருந்தது. துலக்கப்படாதவற்றில் அழற்சி தோன்றிப் பெரும்பாலானவற்றில் எலும்புத் தேய்வாக முதிர்ந்தது. மாணவர்க்குப் போல இந்நாய்களுக்கு மூன்றாம் வாரத்திற் துலக்கி திருப்பித் தரப்படவில்லை.

மூன்றாவது நம் மக்கள். 1970இல் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் 480 பேர், அனைவரும் ஆண்கள், பதின்ம வயதினின்று முப்பதை ஒட்டிய வயது வரையானோர், ஆய்வுக்குத் தெரிவுசெய்யப்பட்டனர். அவர்கள் தெரிவுசெய்யப்பட்டமைக்குக் காரணம் அவர்களுக்குப் பல் மருத்துவம் எதுவும் எட்டியிராமையும், பல்துலக்கிப் பழக்கம் இல்லாமையுமே. ஒப்பீட்டுக்கு ஒஸ்லோ நகரத்து மாணவரும் கல்வியாளரும் கொள்ளப்பட்டனர். அவர்கள் சிறுவயது முதல் முறையான பற்சிகிச்சை பெற்றவர்கள். நோயைத் தானே நடக்கவிட்டு அதன் இயல்பான போக்கை அளப்பதே ஆய்வின் நோக்கு. 1985 வரை இடையிட்டு இடையிட்டு அவர்களின் வாய்கள் திறந்து அளக்கப்பட்டன. 1986இல் வெளியான முடிவு, முரசுநோய் பாடநூல்களிற் தவறாது இடம்பெறுவது: ஏறத்தாழ 8 வீதத்தினர்க்கு நோய் விரைந்து முற்றியது, 81 வீதத்தினர்க்கு மிதமாக வளர்ந்தது, 11 வீதத்தினர்க்கு முரசழற்சிக்கு அப்பாற் செல்லவில்லை. விரைந்து முற்றிய கூட்டத்தார் 35 வயதில் சராசரி 12 பற்களையும், 40இல் 20 பற்களையும் இழந்திருந்தனர். 45இல் ஒரு பல்லும் எஞ்சவில்லை. 2010இல் எஞ்சியோரைத் தேடி 75 பேரை மீண்டும் சோதித்து, நாற்பதாண்டுக் கணக்கு 2017இல் வெளியிடப்பட்டது.

இவ்வாய்வைத் தூற்றுவது என் நோக்கமன்று. அத்தொழிலாளரிடமிருந்து எவரும் துலக்கியைப் பறிக்கவில்லை. அது அங்கே இருந்ததே இல்லை. இல்லாமற் செய்தவர் ஆய்வாளர் அல்லர். ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தோட்டங்களை நடத்தியவர்கள். இந்நோய் எல்லோரையும் ஒரே வகையிற் தாக்குவதில்லை என்னும் பேருண்மையும் இவ்வாய்வினாலேயே வலுவாக நிலைபெற்றது. ஆயினும் மூன்று ஆய்வுகளையும் அருகருகே வைத்து நோக்குவோர்க்கு ஒன்று புலனாகும். மாணவர் தம் நோவைச் சொல்லவும் மறுக்கவும் எழுந்து போகவும் வல்லவர். அவர்க்குச் சில வாரங்கள். நாய்க்கு நான்கு ஆண்டுகள். தோட்டத்து மனிதனுக்குப் பதினைந்து. வாய் உள்ளவர்க்கும் வாயில்லார்க்கும் இடையேயான தூரம் இவ்வளவு துல்லியமாக வேறெங்கும் அளக்கப்பட்டதாக நான் அறியேன்.

மனிதரை நாயோடு ஒரு வரிசையில் நிறுத்துவதா என்று வாசகர் சினக்கலாம். அச்சினம் நேரியது. தோட்டத்து மக்களை மந்தையாக நடத்திய வரலாறு இன்னும் ஆறாத புண். 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர் ஆக்கப்பட்ட மக்களின் பேரர்கள் இச்சஞ்சிகையின் வாசகரிடையேயும் உளர். நான் மனிதரை நாயோடு ஒப்பிடவில்லை. ஒப்பிடுவது அவ்விருவரையும் பாராதிருந்த கண்களை. அக்கண்கள் இரு வேறு கண்கள் அல்ல. கேட்கப்படாத நோவை இல்லாத நோவாகக் கொள்ளப் பழகியவன், அப்பழக்கத்தை லயத்து வாயிலிற் கழற்றி வைத்துவிட்டு உள்ளே நுழைவதில்லை.

நாயின் பல்லை நம் அரசு அறியாதது என்றும் சொல்ல முடியாது. விசர்நாய் பற்றிய கட்டளைச் சட்டம் 1893இலும், நாய்ப் பதிவுக் கட்டளைச் சட்டம் 1901இலும் இலங்கையில் இயற்றப்பட்டன. 1973இல் மட்டும் 377 பேர் நீர்வெறுப்பு நோயால் இறந்தனர். அக்காலத்தில் தெருநாய்களைக் கொன்று குவிப்பதே பெருவழியாக இருந்தது. 2006இல் அக்கொலை நிறுத்தப்பட்டு, தடுப்பூசியும் கருத்தடையும் முதன்மை பெற்றன. இறப்புகள் பெரிதும் குறைந்துள்ளன. இது போற்றத்தக்க பணி. ஆனால் இச்சட்டங்களிலும் திட்டங்களிலும் நாயின் பல் நம்மைக் கடிக்கும் கருவியாக மட்டுமே தோன்றுகிறது. பதிவுச் சட்டத்துக்கு உடைமையாளன் ஒருவன் வேண்டும். பங்களா நாய்க்கு உடைமையாளர் உண்டு, பெயர் உண்டு, பட்டை உண்டு. லயத்து நாய்க்கு? அது ஆறு காம்பராக்களுக்குப் பொதுவானது. ஒரு வீட்டுப் பிள்ளை ரொட்டி போடும்; இன்னொரு வீட்டு இஸ்தோப்பில் அது உறங்கும்; விடியலிற் பால்வெட்டப் போகும் வேறொருவரின் பின்னே செல்லும்; இரவிற் காட்டுப்பன்றி மரவள்ளியைக் கிண்டாதபடி எல்லோருடைய தோட்டத்துக்கும் குரைக்கும். அதன் உழைப்பு பங்கிடப்படுகிறது. பொறுப்பு மட்டும் பங்கிடப்படுமிடத்து ஒருவர் பங்கிலும் விழாது மறைந்துவிடுகிறது.

உடைமை வாங்கியதனால் மட்டும் பிறப்பதன்று, ஊட்டுவதனாலும் பிறக்கும் என்பது என் கருத்து. காட்டில் வாழும் நரிக்கும் பல் நோகும். அதன் வாயைத் திறந்து பார்க்கும் கடமை நமக்கில்லை. நாயை நாம் காட்டினின்றும் அழைத்து வந்தோம். அதன் உணவை மாற்றினோம். நம் சோற்றை அதன் சோறாக்கினோம். அதனை நம்பச் செய்தோம். நம்பியதனாலேயே அது தானாக வேறிடம் தேடிப் போகாது. இவ்வாறு ஓர் உயிரின் வாழ்வை நம் கையில் எடுத்துக்கொண்டபின், அது கேட்கவில்லை ஆகையால் கொடுக்கவில்லை என்று சொல்லும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது? இதற்கு மேலும் ஒரு கடன் உண்டு. நாள்தோறும் துலக்கினால் முரசு காக்கப்படும், துலக்காவிட்டால் எலும்பு தேயும் என்னும் அறிவு இன்று நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளியிற் கற்பிக்கப்படுகிறது. அவ்வறிவை உறுதி செய்யத் தம் வாயைக் கொடுத்தவை அந்தப் பீகிள் நாய்கள்.

இனி, முதலிற் குறித்த நகைப்புக்கு வருவோம். லயத்திலே மனிதர்க்கே பல் மருத்துவம் எட்டாதபோது நாய்க்கென்ன பல் மருத்துவம் என்று தோட்டத்துப் பெரியவர் ஒருவர் கேட்டால், அக்கேள்வியைத் தள்ளிவிட எனக்குத் துணிவில்லை. பல்வலியோடு கொழுந்துக்கூடையைத் தூக்கும் பெண், ஒரு நாட் பேரை இழந்து பேருந்தேறி நகரத்து ஆஸ்பத்திரிக்குச் சென்று வரிசையில் நிற்கவேண்டும். இழக்கும் நாளின் விலையை எண்ணி அவர் கிராம்பை வைத்து அடக்கிக்கொள்வார். அவரிடம் போய் நாயின் காறையைப் பற்றிப் பேசுவது கொடுமை. ஆகவே கடமையின் அளவு ஆற்றலின் அளவாக வேண்டும். அவருக்கு உரியது சிறிது. பங்களாவுக்கு உரியது அதனினும் பெரிது. பொதுப்பணத்திற் கற்ற நமக்கு உரியதும் சிறிதன்று.

ஆயினும் ‘மனிதர் முதலில்’ என்னும் வாதத்தை யார் வாயாற் கேட்கிறோம் என்பதையும் கவனித்தல் வேண்டும். அந்தப் பெண் சொன்னால் அது நியாயம். நாயின் பல்லைப் பேசும்போது மனிதரின் பல்லை நினைவூட்டி, மனிதரின் பல்லைப் பேசும்போது நாட்டின் நிதிநிலையை நினைவூட்டுவோர் சொன்னால் அது நியாயம் அன்று. ஒத்திவைப்பதற்கு ஒரு வழி. நாயின் வாயைப் பாராது விட்டதனால் மிச்சமான காலம் எந்தத் தொழிலாளியின் வாயைப் பார்க்கச் செலவிடப்பட்டது? நான் அறிந்த மட்டில், தன் நாயின் முகவீக்கத்தைப் பொருட்படுத்தும் வீட்டில் பிள்ளையின் பல்வலியும் பொருட்படுத்தப்படுகிறது. இரண்டையும் புறக்கணிக்கும் வீட்டில் இரண்டும் ஒருங்கே புறக்கணிக்கப்படுகின்றன.

செய்யத்தக்கது யாது? இங்கே ஓர் எச்சரிக்கையை முதலிற் கூறியாக வேண்டும். எச்சில் ஒழுக வாய் திறந்தபடி நிற்கும் நாயின் தொண்டையில் எலும்பு சிக்கியது என்று எண்ணிக் கையை விடுவது உயிராபத்து. நீர்வெறுப்பு நோயின் ஊமை வகையில் நாய் வெறிகொண்டு ஓடாது; தாடை தளர்ந்து தொங்கும்; விழுங்க முடியாமல் எச்சில் வழியும். ஆகவே பழகாத நாயின் வாயையோ, தடுப்பூசி போடாத நாயின் வாயையோ தொடலாகாது. பழகிய, தடுப்பூசி பெற்ற நாயாயினும் முழுவாயையும் பிளக்கத் தேவையில்லை. பக்கவாட்டில் நின்று மேலுதட்டைச் சற்று உயர்த்தினாற் போதும்; கடைவாய்ப்பல்லின் வெளிப்புறத்திலேயே காறை மிகுதியாகப் படியும். அதற்குச் செலவாவது அரை நிமிடம்.

துலக்குதலை நாய் குட்டியாயிருக்கும்போதே பழக்க வேண்டும். நான்காம் மாதம் முதல் ஏழாம் மாதம் வரை பாற்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் எழும் காலத்தில் வாய் நோகும், அப்போது வற்புறுத்தலாகாது. விரலிற் சுற்றிய மென்துணி போதும். பிள்ளைகளின் மென்மையான துலக்கி இருந்தால் நன்று. நாம் பயன்படுத்தும் பற்பசை ஆகாது. நாய் கொப்பளிக்கத் தெரியாது விழுங்கும். அதிலுள்ள புளோரைட்டு அதற்குத் தீங்கு. சில பசைகளிற் சேர்க்கப்படும் சைலிற்றோல் என்னும் இனிப்பு நாய்க்கு நஞ்சு. வெறும் நீரில் நனைத்த துணியே மேல். கரியும் உமிச்சாம்பலும் நம் முன்னோர் பல்லுக்கு இட்டவை. நாயின் பல்லுக்கு அவை வேண்டா, மிளிரியைத் தேய்க்கும். நாள்தோறும் செய்தல் சிறப்பு. படலம் கல்லாக இறுகுமுன் துடைப்பதே இதன் பொருள். இறுகிய காறையைத் துணியால் அகற்ற முடியாது.

கடினமான பகுதி இதுவே. இறுகிய காறையை, குறிப்பாக முரசுக்குக் கீழே இறங்கியதை, முறையாக அகற்ற நாயை மயக்கத்தில் ஆழ்த்த வேண்டும். விழித்திருக்கும் நாயை அமுக்கிப் பிடித்துப் பல்லின் வெளிப்புறத்தைச் சுரண்டும் முறையை உலகச் சிறுவிலங்கு மருத்துவர் சங்கத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டி ஏற்கவில்லை. பல் வெண்மையாகத் தெரியும். நோய் அடியில் அப்படியே இருக்கும். நாய்க்கு அச்சமும் நோவும் மிஞ்சும். பூனைக்கோ, அரிக்கப்பட்ட பல்லைப் பிடுங்குவதே பெரும்பாலும் மருந்து. பிடுங்கியபின் அது முன்னிலும் நன்றாக உண்ணும். பல்லில்லாத பூனையைக் கண்டு இரங்குவோர், பல்லிருந்தபோது அது பட்டதை அறியார். ஆனால் மயக்கமருந்தும் மருத்துவரும் கதிர்ப்படமும் எங்கே? அரச கால்நடை வைத்தியப் பணிமனைகள் பெரும்பாலும் பாலும் முட்டையும் தரும் விலங்குகளை நோக்கி அமைந்தவை. தெரணியகலைத் தோட்டமொன்றினின்றும் ஒரு நாயைக் கொழும்புக்கோ பேராதனைக்கோ கொண்டு செல்லும் செலவு அவ்வீட்டின் பல நாட் கூலியை விழுங்கும்.

இடைவழி ஒன்று உண்டென எண்ணுகிறேன். விசர்நோய்த் தடுப்பூசிக்காகக் கால்நடைப் பணியாளர் லயங்களுக்கு வருகின்றனர். நாய்கள் கயிற்றில் கட்டப்பட்டுப் பிரட்டுக்களத்திற்கோ கோயில் முற்றத்திற்கோ கொணரப்படுகின்றன. பயிற்சி பெற்ற ஒருவரின் கை நாயின்மேற் படும் அந்நேரத்தில், வளர்ப்போர் அதனைப் பிடித்திருக்க, அது இடங்கொடுக்குமாயின் உதட்டை உயர்த்திப் பார்த்தல் இயலும். கண்டதை வளர்ப்போரிடம் சொல்லலாம். கண்ணுக்குக் கீழே புண்ணுள்ள நாய்க்குப் பல் உடைந்திருக்கிறது என்ற ஒரு சொல், அடுத்த ஓராண்டுக்கு அந்த மஞ்சளையும் வீண் மருந்தையும் தவிர்க்கும். பேராதனை வளாகத்தில் பல் மருத்துவ பீடமும் உண்டு. விலங்கு மருத்துவ பீடமும் உண்டு. பெலிகுல்ஓயாவில் 1996 முதல் சப்பிரகமுவப் பல்கலைக்கழகம் இயங்குகிறது. அதனைச் சூழவும் தோட்டங்களே. இரு பீடத்து மாணவரும் ஆண்டுக்கு ஒரு நாள் ஒரே லயத்துக்குச் சென்று, ஒரு மேசையில் மனிதரின் வாயையும் சற்று அப்பால் விலங்குகளின் வாயையும் பார்க்க இயலாதா? மனிதரின் மேசை முதலில் வைக்கப்படட்டும், அதில் தகராறில்லை. 1970இல் வந்தவர்களைப் போல அளந்து குறித்துக்கொண்டு திரும்பும் நாளாக மட்டும் அது அமையலாகாது.

அங்கேயும் ஓர் இடர்ப்பாடு நிற்கும். பார்த்தபின், பிடுங்கவேண்டிய பல் என்று தெரிந்தபின், பிடுங்க வழியில்லை எனில் என் செய்வது? அந்த நாயை வளர்க்கும் சிறுமிக்கு, அதன் நோவு இதுவரை தெரியாதிருந்தது, இனித் தெரியும். தெரிந்துகொண்டே அதற்குச் சோறு வைப்பாள். அவள் சோற்றைக் குழைத்து வைக்கலாம், எலும்பைத் தவிர்க்கலாம், மருத்துவர் தரும் நோவு மாத்திரையை அவர் சொன்ன அளவில் உருண்டையில் மறைத்துக் கொடுக்கலாம். மனிதரின் நோவு மாத்திரையைத் தானாகக் கொடுக்கலாகாது. பரசிற்றமோல் சிறிதளவும் பூனையைக் கொல்லும். இவ்வளவும் செய்தபின்னும் அப்பல் அங்கேயே இருக்கும். அதைப் பிடுங்குவதற்கான மயக்கமருந்தின் செலவை வீடு ஏற்பதா, தோட்டம் ஏற்பதா, அரசு ஏற்பதா, அன்றி வாயைத் திறந்து பார்த்துச் சொன்ன நாம் ஏற்பதா என்பதை அம்முகாமுக்குப் புறப்படுமுன்பே தீர்மானித்துக்கொண்டு செல்லுதல் வேண்டும்.